பெட்டிக்கு வேலி

ஸ்பீக்கரின் முன்பக்கத் துணியை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக, அழுத்தாமல் தட்டி எடுக்க வேண்டும். நாய் முடி என்றால் ஒட்டும் டேப்பை லேசாக வைத்து எடுக்கலாம்.

அப்பாவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டீர்கள். "உங்கப்பா தொண்டையில ஒரு கோளாறும் இல்ல. அப்புறம் ஏன் பேச மாட்டேங்கிறார்? வீட்ல என்ன நடந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று கேட்டீர்கள், டாக்டர். அதனால்தான் ஸ்பீக்கரிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடந்ததெல்லாம் அதைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

ஹாலில் இருக்கும் அந்த ஸ்பீக்கர்கள் நானே செய்தவை. பலகையைத் தச்சரிடம் அறுத்து வாங்கி, பெட்டியாக ஒட்டி, உள்ளே பஞ்சு வைத்து, ஒயரைப் பற்றவைத்தேன். காது பரிசோதனை மையத்தில் வேலை பார்க்கிறேன். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். இந்தப் பக்கமிருந்து நான் சத்தம் அனுப்புவேன். கேட்டால் பட்டனை அழுத்துவார். யாரும் எதுவும் பேசக் கூடாது, பேசினால் பரிசோதனை கெட்டுவிடும். நாளெல்லாம் அப்படி இருந்துவிட்டு வருகிறவளுக்கு, ஹாலில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்தவர். நெரிசலான பஸ்ஸின் பின்படியிலிருந்து டிரைவருக்குக் கேட்க வேண்டிய குரல் அது. வீட்டுக்குள்ளும் அதைக் குறைக்க அவருக்குத் தெரியாது. அம்மா போன பிறகு அந்தக் குரல் அபூர்வமாகிவிட்டது. ஒருநாள் பழைய டிப்போவுக்குப் போனவர் ஒரு பெண் நாய்க்குட்டியைச் சட்டைக்குள் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். அது விடாமல் அழுதது. மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்து, "பாப்பா, அழக் கூடாது. பாப்பா நல்ல பாப்பா" என்றார். அழுகை நின்றது. அந்தப் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

எங்கள் வீட்டில் பாப்பா என்பது அதுவரை நான்.

கொஞ்ச நாள் கழித்து, "பாப்பா, சாப்பிட வா" என்று குரல் கேட்டது. தலைக்குக் குளித்திருந்தேன், ஈரத்தோடு அப்படியே வந்தேன். அப்பா கையில் அலுமினியக் கிண்ணத்தோடு நின்றார்.

"உன்னை இல்லம்மா, இவளை."

இருவரும் சிரித்தோம். அதன் பிறகு அவர் என்னை 'ஏம்மா' என்றே கூப்பிட்டார். குழப்பம் வரக் கூடாது அல்லவா. இதற்கும் ஸ்பீக்கருக்கும் சம்பந்தமில்லை. ஒன்று விடாமல் சொல்லச் சொன்னீர்கள் என்பதால் சொன்னேன்.

நாய் முதலில் ஒயரைக் கடித்தது. ஒயரைப் பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுச் சுவரோடு பதித்தேன். அடுத்து துணியைப் பிறாண்டியது. பெட்டிகளை உயரமான ஸ்டாண்டில் ஏற்றினேன். பின்னங்காலில் நின்று, நடுவிலிருக்கும் குமிழை மூக்கால் அமுக்கியது. அந்த இடம் குழிந்தால் பழைய சத்தம் திரும்பாது. சுற்றிலும் கம்பி வலை அடித்தேன், நாய்க்கு ஆகாத எலுமிச்சைத் தோலைப் போட்டு வைத்தேன்.

"ஏம்மா, பெட்டிக்கு வேலி போடறியே, அதென்ன கத்திரிக்காத் தோட்டமா?" என்றார் அப்பா. "பாப்பாவுக்கும் பாட்டுன்னா உசுரு. விடேன், கேட்டுட்டுப் போறா."

மாடி வீட்டு அக்கா அன்று மாவு அரைத்துக்கொண்டு போக வந்திருந்தார். "உங்க வீட்ல நாய்க்குப் பாட்டு, பாட்டுப் பெட்டிக்கு வேலியா? நல்ல குடும்பம்" என்று சிரித்தார்.

மனிதக் காதுக்கு ஒரு மேல் எல்லை உண்டு, வயதானால் அது இறங்கிவிடும். அப்பாவின் காதை நானே பரிசோதித்திருக்கிறேன். எஞ்சின் சத்தத்திலேயே ஆயுளைக் கழித்தவர், கீச்சென்ற சத்தம் எதுவும் அவருக்கு எட்டாது. நாயின் காது அப்படியில்லை. அது வலைப் பக்கம் வரும்போதெல்லாம் போனைத் தொட்டு, ஸ்பீக்கர் வழியாக ஒரு சத்தத்தை அனுப்பினேன். எனக்கு அது காதுக்குள் ஊசி முனை பட்டது போல லேசாகத் தெரியும். நாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அதன் கையில் பட்டன் இல்லை.

சில நாட்களிலேயே அது ஸ்பீக்கர் இருக்கும் மூலைக்கு வருவதை நிறுத்திவிட்டது. பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் நினைக்கலாம். நானும் யோசித்தேன். ஆனால் அப்பாவின் நாற்காலி ஹாலில்தான் இருந்தது. அவர் கூப்பிட்டால் அது ஹாலுக்கு வரும், வந்தால் என்றாவது மூலைக்கும் போகும். நோய்க்கு மருந்து கொடுக்கும்போது காரணத்தைப் பார்ப்பீர்களா, இல்லையா? காரணம் அந்தக் கூப்பாடு.

அவர் கொல்லையில் நின்று, "பாப்பா, வாடா தங்கம்" என்று கூப்பிட்டபோது போனில் பதிவு செய்தேன். அதன் பின்னால் அந்தச் சத்தத்தை ஒட்டினேன். மாலையில் அப்பா பழைய கண்டக்டர்களோடு பேசிவிட்டு வரப் போவார். அங்கே வேறு நாய்கள் உண்டு என்பதால் இதை வீட்டில் விட்டுவிட்டுப் போவார். நான் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுக் காட்டுவேன். முதலில் அவர் குரல், உடனே அந்தச் சத்தம். திரும்பவும் குரல், திரும்பவும் சத்தம். ஆரம்பத்தில் குரல் கேட்டதும் வாலை ஆட்டிக்கொண்டு அவரைத் தேடியது. ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பாடம் படிய நேரம் பிடித்தது அதனால்தான்.

மாடி வீட்டு அக்கா ஒருநாள் கேட்டார். "அப்பா வெளிய போனதைப் பாத்தேனே. இங்க அவர் கூப்பிடற சத்தம் கேக்குதே?"

"ரெக்கார்டிங்க்கா. அப்பா குரலை எடுத்து வச்சிருக்கேன்."

"நல்ல பொண்ணும்மா நீ. எனக்குத் தோணாமப் போச்சு. எங்கப்பா குரல் எப்படி இருக்கும்னே மறந்துட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

பிறகு அப்பா கூப்பிட்டால் நாய் வருவதில்லை. காதை மடக்கி, இருந்த இடத்திலேயே தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும். கிட்டே போனால் நடுங்கும். அப்பா தலைக்கு எண்ணெய் வைப்பதை விட்டார், வாசனை பிடிக்கவில்லையோ என்று. மீசையை எடுத்தார். அந்த முகம் எனக்கே புதிதாக இருந்தது. தரையில் உட்கார்ந்து, "அடிச்சேனா உன்னை? ஒரு நாளாவது கை ஓங்கினேனாடா?" என்று அதனிடம் கேட்டார்.

என்னிடமும் வந்தார். "ஏம்மா, நீ காது பாக்கறவதானே. என் குரல் ஏதும் மாறிப் போச்சா?"

மையத்துக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்து எதையெதையோ பேசச் சொன்னேன். மீசையில்லாத வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் சொன்னேன். "குரல் கடுமையாயிருச்சுப்பா. சின்ன உசுருங்களுக்கு அது பயமா இருக்கும்."

அவர் நம்பினார். நான் படித்தவள்.

அதன் பின் வீட்டில் மெதுவாகப் பேசினார். மாலையில் வெளியே போவதையும் குறைத்துக்கொண்டார். ஹாலில் என்னோடு உட்கார்ந்து பாட்டுக் கேட்டார். ஒருநாள் எனக்கும் சேர்த்துத் தட்டு வைத்தார். நாய் என் அறையில், என் கட்டிலுக்கடியில் கிடக்கும். என்னிடம் அதற்குப் பயமே கிடையாது, நான் அதை ஒரு வார்த்தை அதட்டியதில்லை. நல்ல நாட்கள் அவை, டாக்டர். ஸ்பீக்கரும் பத்திரமாக இருந்தது.

ஒரு விடுமுறைக் காலையில் அப்பா சைக்கிளை வெளியே எடுக்கக் கேட்டைத் திறந்தார். நாய் நழுவி ஓடி, தெரு நடுவில் கிடந்த எதையோ முகர்ந்துகொண்டு நின்றது. தெருக்கோடியில் ஒரு வேன் திரும்பியது. அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, ஓட முடியாது. அதனால் கூப்பிட்டார். அவருடைய பழைய குரல், பஸ் குரல். "பாப்பா, வாடா!"

நாய் தெரு நடுவிலேயே படுத்துக்கொண்டது. படுத்திருக்கும் நாய் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. அப்பா திரும்பவும் கூப்பிட்டார். அது இன்னும் ஒடுங்கிப் படுத்தது.

நான் வாசலில் நின்றிருந்தேன். நேரம் இருந்தது. நான் கூப்பிட்டிருந்தால் எழுந்து ஓடி வந்திருக்கும். நீங்கள் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கூப்பிட வாயைத் திறந்தேன். பாப்பா என்று சொல்ல வேண்டும். அதற்கு வேறு பெயர் இல்லை. என் பெயரை நானே எப்படிக் கூப்பிடுவது? வாயை மூடிக்கொண்டேன்.

அதைத் தூக்கி வந்து திண்ணையில் கிடத்தியபோது அப்பா சொன்னார். "என் குரல்தாம்மா கொன்னுடுச்சு." அவர் கடைசியாகப் பேசியது அதுதான். இல்லை என்று நான் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இப்போது அவருக்கு எல்லாம் நான்தான். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டுவார், நான் ஓடுவேன். ஆனால் கூப்பிட மாட்டேன் என்கிறார்.

உண்மையைச் சொன்னால் அவருக்குப் பேச்சு வந்துவிடும் என்கிறீர்கள். வரலாம். சொல்கிறேன், டாக்டர். முதலில் ஒரே ஒரு தடவை அவர் பாப்பா என்று கூப்பிடட்டும். இப்போது வீட்டில் அதற்குத் திரும்பிப் பார்க்க என்னைவிட்டால் வேறு யாரும் இல்லை.