சேரப்பணஞ்சேரிக் கொட்டகையின் காற்று

எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. ஆளில்லாத அறையில் மின்விசிறி ஓடினால் அணைத்துவிட்டுத்தான் நகருவேன். உட்காரச் சொல்கிறீர்கள், மன்னிக்க வேண்டும் இன்ஸ்பெக்டர், நடந்துகொண்டே சொன்னால்தான் எனக்குப் பேச்சு வரும்.

இருங்காட்டுக்கோட்டையில் கம்ப்யூட்டர் தயாரிக்கும் எங்கள் தொழிற்சாலையில் 2004 முதல் சுற்றுச்சூழல் பொறுப்பு என்னுடையது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றுகூட ஏரிக்கரையில் போய் விழக்கூடாது என்று முதலில் சொன்னவன் நான்தான். அதற்காகவே சேரப்பணஞ்சேரியில் ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுத்தேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த உச்சிமாகாளியையும் அவன் மனைவி பூமாரியையும் வேலைக்கு வைத்தேன். கழற்றிய போர்டுகளை அமிலத் தொட்டியில் ஊறப்போட்டுச் செம்பைப் பிரிக்க வேண்டும்.

அமிலத்திலிருந்து எழுந்த புகை பக்கத்துக் குடியிருப்புக்குப் போயிற்று. அங்கிருந்து இருதயசாமி என்பவர் வந்து நின்றார். "புள்ளைங்க ராவெல்லாம் இருமிக்கினு கீதுங்க சார். உள்ள இன்னாதான் பண்றீங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. மறுநாளே கொட்டகையின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன். வெளியே புகை குறைந்தது. இருதயசாமி கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்.

உச்சிமாகாளிக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

"உள்ள நிக்க முடியல சார். பூமாரி ரத்தமா துப்புதா. மேல ரெண்டு செங்கலையாவது எடுத்து விடுங்க."

புகையை வடிகட்டும் கருவி வரப்போகிறது, பொறுத்துக்கொள் என்றேன். அவர்கள் பொறுக்கவில்லை, கதவைத் திறந்துவைத்துக்கொண்டு வேலை செய்யத் தொடங்கினார்கள்.

எங்களிடம் கம்ப்யூட்டர் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் காற்றைச் சோதிக்க வந்தார்கள். வேலை நடக்கும்போதே அளக்க வேண்டும் என்றார்கள். கதவு திறந்திருந்தால் இத்தனை நாள் உழைப்பும் போய்விடும். உச்சிமாகாளியையும் பூமாரியையும் உள்ளே அனுப்பி, வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

வந்தவர்கள் வாசலில் காற்றை அளக்கும் கருவியை வைத்தார்கள். என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கதவுக்கும் கருவிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். உள்ளிருந்து தட்டினார்கள். வந்தவர்களில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். மெஷின் சத்தம் என்றேன். காற்று சுத்தமாக இருக்கிறது என்று அவர் கைகொடுத்தார்.

தாழ்ப்பாள் போட்டது நான்தான், வேறு யாரும் இல்லை. ஏன் திறக்கவில்லை என்று கேட்கிறீர்கள். தட்டிக்கொண்டே இருந்திருந்தால் திறந்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுவிட்டது. ஒருவழியாக நான் சொன்னதைப் புரிந்துகொண்டார்கள் என்றுதான் நினைத்தேன்.