விஞ்சுக்காரரின் மைத்துனன்

ராத்திரி ஒரு மணி இருக்கும். துறைமுகத்தின் கோடிக்குப் போகும் சாலை… ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள், மறுபக்கம் கறுப்புத் தண்ணீர். ஒரு நாய்கூட இல்லை. அந்தச் சாலையில் தனியாக நடந்துகொண்டிருந்தார் என் நண்பனுடைய பெரியப்பா.

ஊரில் அவருக்கு 'விஞ்சுக்காரர்' என்றுதான் பெயர். கடற்படையின் சரக்குக் கப்பலில் விஞ்சு என்கிற பளுதூக்கியை ஓட்டியவர். நடுக்கடலில் போர்க்கப்பல் பக்கத்தில் வந்து சேர்ந்தோடும். இரண்டுக்கும் நடுவில் கம்பிவடம் கட்டி எண்ணெய், குடிதண்ணீர், மாவு மூட்டை, மருந்து எல்லாம் அனுப்ப வேண்டும். அந்தக் கப்பல் தன் ஆயுளில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. "இது கப்பலா? மாமியார் வீடுடா! வர்றவனுக்கெல்லாம் போட்டுக்கிட்டே இருக்கணும்" என்பார் சிரித்துக்கொண்டு.

விடிந்தால் அதை உடைக்க இழுத்துப் போகிறார்கள்.

பெரியம்மாவின் தம்பியும் அதே கப்பலில்தான் வேலை பார்த்தான். தாயில்லாப் பிள்ளை, அக்கா வளர்த்தவன். ஒரு புயல் ராத்திரி, மூட்டை போய்க்கொண்டிருந்தபோது, கப்பல் விளிம்பிலிருந்து கப்பலின் உள்போனில் விஞ்சுக்காரரிடம் பேசினான். "மாமா, கொஞ்சம் இருங்க…"

அவ்வளவுதான். அலை வாரிக்கொண்டு போய்விட்டது. உடல்கூடக் கிடைக்கவில்லை. பெரியம்மா இன்றுவரை அவன் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. மாட்டினால் செத்துப்போனான் என்று ஆகிவிடுமாம்.

கப்பல் போவதற்கு முந்தின சாயங்காலம் அவள் கேட்டாள்: "கப்பலும் போயிட்டா அவன் எங்கங்க இருப்பான்? ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க."

"செத்தவன்கிட்ட என்னத்தடி சொல்ல?"

"உங்களுக்குத்தான் அவன் செத்தவன்."

போகிறேன் என்றார். பகலில் உள்ளே விடமாட்டார்கள். இரவுக் காவல்காரர் பழைய கூட்டாளி என்பதால்தான் அந்த நேரத்தில் போனார்.

கப்பல் செத்துக் கிடந்தது. இயந்திரங்களைப் பெயர்த்தாகிவிட்டது. விளக்கில்லை. துரு, நாள்பட்ட எண்ணெய், ஊறிப்போன கயிறு… அந்த வாசனைதான். தன் பழைய இடத்தில் போய் நின்றார். சுவரில் போன் இன்னும் இருந்தது. அதற்கு மின்சாரம் வேண்டாம். மறுமுனையில் ஒரு ஆள் கையால் சுற்றினால் ஒலிக்கும். ஆனால் ஒயரை அறுத்திருந்தார்கள். அறுந்த நுனி அவர் முழங்கால் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

கிர்ர்ர்…

அசையாமல் நின்றார்.

கிர்ர்ர்… கிர்ர்ர்…

எடுத்தார். புயல் இரைச்சல். காதில் சில்லென்று உப்புத் தண்ணீர் வழிந்தது.

"மாமா… மூட்டை எல்லாம் போயிடுச்சா?"

அதே குரல். ஒரு நாள்கூட வயது ஏறாத குரல்.

"போயிடுச்சுடா. எல்லாம் முடிஞ்சுது. வீட்டுக்கு வா… அக்கா கூப்பிடறா."

இரைச்சல் கூடியது. பிறகு மெதுவாக…

"இங்க என்கூடக் கிடக்கறவங்களும் வரலாமா, மாமா?"

அழுகையில் அவர் எதையும் யோசிக்கவில்லை. "எல்லாரையும் கூட்டிட்டு வாடா."

இரைச்சல் நின்றது.

திரும்பும் வழியில் பின்னால் சத்தம். சொத்… சொத்… ஈரக் காலடி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் இல்லாமல் இல்லை. ஆனால் பார்த்துவிட்டால் அவன் நின்றுவிடுவானோ என்ற பயம்தான் பெரிது. "வாடா… வாடா…" என்று முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். கிடங்குகளைத் தாண்டியபோது உறைத்தது. அது ஒருவனுடைய காலடி இல்லை.

வீட்டுக் கதவைப் பெரியம்மா திறந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"வந்துட்டியாடா… இப்படி நனைஞ்சிருக்கியே!"

கையை நீட்டி எதையோ தடவினாள். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் திரும்பினார். அவர் கண்ணுக்குத் தெரு காலியாகத்தான் இருந்தது.

அவள் பார்வை மட்டும் தெருக்கோடிவரை போனது. புருஷனைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டாள்.

"வாங்க… உள்ள வாங்க… நீங்களும் வாங்கப்பா…"

அவள் கதவைச் சாத்தியபோது விடிந்திருந்தது.