நின்றால் அணையும் லைட்டு

"எனக்கு நடக்கிறதுதான்க்கா வேலையே. நான் நின்னா லைட்டு அணைஞ்சிடும்."

ரேணிகுண்டாவிலிருந்து நகரி போகும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்து இது கேட்டது. சொன்னவள் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது. பக்கத்தில் அவள் ஊர்க்காரி, வயதில் மூத்தவள்.

"அப்படி என்னா லைட்டுடி அது?"

"ஆள் அசைஞ்சாத்தான் எரியும். கரண்டு மிச்சமாம். செல்போனுக்குப் போற சின்னச் சின்ன பார்ட்டுங்களை செக் பண்றது எங்க வேலை. மூச்சைப் புடிச்சிக்கினு குனிஞ்சி பார்த்தா, ரூம்ல யாருமே இல்லன்னு நெனச்சிக்கினு பொசுக்குனு அணைஞ்சிடுது. எல்லாரும் கையைத் தூக்கி ஆட்டினா பார்ட்டு கீழ விழுது. அதுக்குத்தான் என்னை எழுப்பி நடக்க வுட்டுட்டாங்க."

"ஜன்னல் இல்லியா?"

"சுத்தி கண்ணாடிதான். வெளிச்சம் தானா வரணும்னு கட்டினாங்களாம். கண்ணு கூசுதுன்னு சொன்னோம், கருப்பு பேப்பர் ஒட்டிட்டாங்க. மேல் மாடியிலயும் இதே லைட்டு, இதே கதைதான்."

"ஒரு ஸ்விட்ச் வைக்கச் சொல்றதுதானே?"

"சொன்னேனே! ஸ்விட்ச் வெச்சா, கரண்டை மிச்சம் பண்றாங்கன்னு குடுத்து வாசல்ல மாட்டியிருக்கிற 'பசுமைக் கட்டடம்' போர்டைக் கழட்டணுமாம். என் கால் வீங்கினா போர்டுக்கு என்னா!"

ஊர்க்காரி தலையில் அடித்துக்கொண்டாள். "நல்லா இருக்குதுடி உங்க கம்பெனி. என் பொண்ணு டிகிரி முடிச்சிட்டு வேலை கிடைக்காம வீட்ல கீறா. இங்க என்னான்னா நடக்கிறதுக்கு சம்பளம்."

புத்தூரில் கூட்டம் இறங்கியதும், மூத்தவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மேல் மாடியில யார்டி நடக்கிறாங்க?"