ஏரிக்கரை வீட்டுக்கு வந்த வாக்குத்தத்தம்

அலோ... அலோ, ஜெரோம் பாஸ்டருங்களா... ஸ்தோத்திரம் ஐயா, நான் சாராள் பேசுறேன்... கருங்குழி ஏரிக்கரை சாராள். பெயிண்டர் ஆபிரகாம் சம்சாரம்... ஆமா... ஆமா, ஆமா, காலையிலருந்து நான்தான் அடிச்சிகினு கீறேன்... கட் பண்ணாதீங்க. கூட்டம் நடந்தா இன்னா, கொஞ்சம் வெளில வந்து பேசுங்க...

மாமல்லபுரத்துலயா... இன்னா கன்வென்ஷன்... வரப்போற ராஜ்யமா. நல்லது. இங்க ஜேசிபி வந்துடுச்சி.

...ஏரிக்கரைக்குத்தான், வேற எங்க வரும். மேலண்டைக் கோடியிலருந்து இடிச்சிகினு வராங்க. ஜோதிலட்சுமி வூடு போயிடுச்சி. இப்ப மாரியம்மா கோயிலாண்ட நிக்கிது. அதுக்கு அடுத்தது எங்க வூடு... இல்ல ஐயா, கோயிலுன்னும் பாக்கல, எதுவும் பாக்கல. தண்ணி நிக்கிற எடம்னு கோர்ட்டே சொல்லிடுச்சாம்.

ஜோதிலட்சுமிக்கு இன்னா. கெவர்மெண்டுல மாத்து வூட்டுக்கு டோக்கன் குடுத்த அன்னிக்கே அவ வாங்கிட்டா. சாமானெல்லாம் எடுத்துகினு செய்யூருக்குத் தங்கச்சி வூட்டாண்ட போயிட்டா. மாட்டிகினு முழிக்கிறது நாங்கதான்.

...அவரா. உள்ள கீறாரு. நடு வூட்ல, வெறுந்தரையில குந்திகினு கீறாரு. கையில அந்த அட்டை... எந்த அட்டையா. இன்னா ஐயா, என்னையே கேக்குறீங்க. நீங்க குடுத்த அட்டைதான். புதுவருஷ ஆராதனையில தட்டுல வச்சி நீட்டுனீங்களே, வாக்குத்தத்த அட்டை. எல்லாருக்கும் ஆசீர்வாதம், சமாதானம்னு வந்திச்சி. இவுருக்கு மட்டும் வூடுன்னு வந்திச்சி. கட்டுன வூட்ல கட்டுனவனே இருப்பான், நட்டத நட்டவனே தின்னுவான்னு தீர்க்கதரிசி சொன்னது... ஆமா, அதேதான். நீங்க மைக்குலயே சொன்னீங்க, ஆபிரகாமுக்கு இந்த வருஷம் ஆண்டவர் வூடு குடுத்துட்டாருன்னு. சனமெல்லாம் கை தட்டிச்சி.

அந்த நம்பிக்கையிலதான ஐயா கூரைய பிரிச்சிட்டு செங்கல் வச்சோம்... நீங்க கட்டச் சொல்லலயா. அஸ்திவாரத்துக்கு ஜெபம் பண்ணது யாரு. எண்ணெய் ஊத்துனது யாரு. டோக்கன் குடுக்க வந்தப்போ, வாங்கினா அவிசுவாசம்னு சொன்னது யாரு.

...சரி. சரி, வுடுங்க. சண்ட போட நான் போன் பண்ணல. ஒரே ஒரு ஒதவி கேக்குறேன். தாலுக்கா ஆபீசு ஆர்.ஐ. அம்மா வாசல்லயே நிக்கிது. நல்ல பொம்பள. மிசினு கை வைக்கிறதுக்கு முன்னாடி அவுரு வெளில வந்து ஒரு கையெழுத்து போட்டா, எங்களுக்கும் மாத்து வூடு உண்டு. இல்லன்னா கெடையாது. போலீசு தூக்கி வெளில போடும், அப்புறம் ரோடுதான். நான் சொன்னா அவுரு கேக்கல. என்னை, திரும்பிப் பாத்து உப்புத்தூணா போன லோத்து பொண்டாட்டிங்கிறாரு. நீங்க சொன்னா கேப்பாரு.

...இன்னா சொல்லணுமா. உள்ளத சொல்லுங்க. இது இந்த ஏரிக்கரை வூட்டுக்கு சொன்ன வசனம் இல்ல, கர்த்தர் வந்து ஆளப்போறப்போ நடக்கப் போறது, நான்தான் அவசரப்பட்டு சொல்லிட்டேன்னு சொல்லுங்க... ஐயா, உங்க மரியாதை ஒண்ணும் போயிடாது. நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்... சொல்றீங்களா. ஸ்தோத்திரம். இருங்க, உள்ள போறேன்.

இந்தாய்யா. பாஸ்டரய்யா பேசுறாரு. காதுல வையி... வையிய்யா.

.......

குடு... குடுய்யா போனை.

...அலோ. இன்னா சொன்னீங்க அவுருகிட்ட... இல்ல, இன்னா சொன்னீங்க. எழுந்திரிக்க கால ஊனுனவரு மறுபடியும் குந்திட்டாரு. ஆமென் ஆமென்னு சொல்லிகினு கண்ண மூடிட்டாரு... மோசேக்கு செங்கடல் கடைசி நேரத்துலதான் பொளந்துச்சா. மிசினும் அப்புடி நிக்கும்னா. நெஞ்சுல ஈரம் கீதா உங்களுக்கு?

...நான் கத்தல. கத்தல ஐயா. எனக்கு விசுவாசம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க நைனா ஊரான் நெலத்துல நட்டாரு, ஊரான் வூட்டுக்கு மண்ணு சொமந்தாரு. ஒரு நாளு கூட தான் நட்டத தான் தின்னதில்ல. அவுரு சாவுறப்போ அந்த வசனத்தத்தான் வாசிக்கச் சொன்னாரு. உங்களுக்கு அது பிரசங்கம். எங்களுக்கு அப்புடி இல்ல. புதுவருஷத்தன்னிக்கி அதே வசனம் இவுரு கையில வந்திச்சின்னு நான் வூட்டுக்கு வர்ற வரைக்கும் அழுதுகினு வந்தேன், தெரியுமா...

உங்க ஜெப வூடும் இந்தக் கரையிலதான கீது, கீழண்டைக் கோடியில. நீங்க வந்து எங்க கூட நில்லுங்களேன். சேர்ந்தே இருக்கலாம், சேர்ந்தே போகலாம்... கூட்டத்த வுட்டு வர முடியாதா. சரி.

இருங்க ஒரு நிமிசம். வண்டி வந்திச்சி. டே தேவேந்திரா, பின்னால இட்டுகினு வாடா, கட்டிலு வெளிலதான் கீது... உங்களுக்கு இல்ல ஐயா, குட்டியானை ஓட்டுற பையன். சாமான் ஏத்த வரச் சொன்னேன். லைன்லயே இருங்க.

டே, இது இன்னாடா... இந்த நீல நாற்காலி. உன் வண்டியில எப்புடி வந்திச்சி... எறக்குனப்போ வுட்டுப்போனதா. எங்க எறக்குன... எப்போ?

...ஐயா. லைன்ல கீறீங்களா?

இங்க ஒரு நாற்காலி கீது ஐயா. முதுகுல சீயோன் ஜெப வீடுன்னு எழுதி கீது. யாரு எழுதுனதுன்னு எனக்குத் தெரியும். எங்க வூட்டுக்காரரு கை. டப்பு வாங்காம எல்லா நாற்காலிக்கும் எழுதிக் குடுத்தாரு, வெயில்ல குந்திகினு... பொறுங்க. பொறுங்க, நான் பேசிடறேன். நாங்கெல்லாம் செங்கல்பட்டுல கலெக்டர் ஆபீசு வாசல்ல மனுவோட நின்னுகினு இருந்தோமே, நீங்ககூட ஜெபம் பண்ணி அனுப்பிச்சீங்களே. அன்னிக்கித்தான் உங்க ஜெப வூட்டு சாமான ஏத்துனானாம் தேவேந்திரன். நாற்காலி, ஸ்பீக்கர், கீபோர்டு, ஃபேனு. பின்பக்கத்து ஷீட்டக் கூட கழட்டிட்டீங்களாமே. வெளில பேனர் மட்டும் தொங்குது. நாங்க தெனம் அத பாத்துட்டு, பாஸ்டரே தைரியமா கீறாருன்னு சொல்லிகினு இருந்தோம்.

...சபை சொத்தா. பாதுகாக்கணுமா. ஆமா, ஆமா. ஸ்பீக்கர பாதுகாக்கணும். எங்களுக்கு இன்னா, செங்கடல் பொளக்கும்.

இப்ப நடக்குதே கன்வென்ஷன், அது எந்த நாற்காலியில நடக்குது?



சரி, வுடுங்க. நான் அவுருகிட்ட ஒண்ணும் பேசப்போறதில்ல. இந்த நாற்காலிய எடுத்துகினு போயி அவுரு எதிர்ல போடப் போறேன். அவ்ளோதான். வச்சிடாதீங்க. நீங்களும் கேளுங்க.

.......

போட்டேன்... பாக்குறாரு. எழுத்து மேல கைய வச்சிகினு கீறாரு.

.......

இல்லய்யா, எனக்கு இப்பத்தான் தெரியும். தேவேந்திரன் சொன்னான்... மொத்தமும்யா. ஒண்ணு வுடாம மொத்தமும்.

.......

எழுந்துட்டாரு.

...ஐயா, சும்மா இருங்க. அவுரு வெளில போறாரு. மேடம்... மேடம், இவுருதான் ஆபிரகாம். அந்தப் பேனா குடுங்க... இங்கயா? இங்க போடுய்யா.

போட்டுட்டாரு. நல்லா பேரு எழுதுற கை ஐயா அது, கையெழுத்து கோணலா போயிடுச்சி.

...யாரு அழுவுறாங்க? நான் அழுவல. அவுருதான். டே தேவேந்திரா, கதவ கழட்டு, அவுருக்குக் கை குடு. ஜன்னலையும் எடு. அட்டைய இன்னாய்யா பண்ண... நாற்காலி மேல வச்சிட்டாரு. அங்கயே கெடக்கட்டும். வாசப்படிக்கு மேல அந்த வசனத்த எழுதி வச்சாரு, செவுத்துல பெயிண்டு, அதக் கழட்ட முடியாது. மிசினு மொதல்ல அதுலதான் இடிக்கும்.

...வேணாம். ஜெபம் பண்ணாதீங்க. இன்னிக்கி வேணாம்.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வச்சிடறேன். ராஜ்யம் வரும். நீங்க சொல்றதால இல்ல, எங்க நைனாவுக்குச் சொன்னது, அதனால வரும். அங்க நானும் அவுரும் ஒரு வூடு கட்டுவோம், நாங்களே இருப்போம். எல்லாரும் வரட்டும். ஜோதிலட்சுமி வரட்டும், இந்த மிசினு ஓட்டுற பையன் கூட வரட்டும். நீங்களும் வாங்க ஐயா, வர வேணாம்னு சொல்ல நான் யாரு.

பக்கத்து வூட்டுக்கு மட்டும் வந்துடாதீங்க.

...வைக்கிறேன். கட்டிலு ஏத்தணும்.