படத்துல நின்னுபோன சார்

இல்ல சார், பஞ்சாயத்து ஆபீசுக்கு அப்பறம் போலாம். மொதல்ல இன்னொரு வடை சாப்புடுங்க. நானா? தனம் சார். உங்க முதியோர் வகுப்புல கடைசி வரிசை. கம்ப்யூட்டர்ல எங்க மூஞ்சி உங்களுக்கு எங்க தெரிஞ்சிருக்கப் போவுது, நாங்கதான் உங்கள பெருசா பாத்தோம்.

நம்ம வகுப்பு முருகையன் அண்ணன் ஓடுனதத் தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கையத் தொட்டாரு, சூடா இருந்துச்சா, பயந்துட்டாரு.

அன்னைக்கி மெட்ராஸ்லேர்ந்து பாடம் நடத்திக்கிட்டே இருந்தீங்கல்ல? திடீர்னு அப்படியே நின்னுட்டீங்க. கண்ணு மூடியிருக்கு, வாய் தொறந்திருக்கு. சார் ஏதோ யோசிக்கிறாருன்னு நாங்களும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம். பொழுதே எறங்கிடுச்சு. ஆமா, நெட் லைன்தான் போயிருக்கு, நீங்க சொல்லித்தான இப்ப தெரியுது. செங்கமலம் அக்கா ஒப்பாரி ஆரம்பிச்சிச்சு. வரிசையா நின்னு படத்துல உங்க வாய்க்கு நேரா வாய்க்கரிசி போட்டோம். கண்ணாடியில எங்க நிக்குது, எல்லாம் கீபோர்டுக்குள்ள போயிடுச்சு.

போன் பண்ணிருக்கலாம்தான். எழவு வூட்டுக்குப் போன் போட்டு, ஆளு போயிட்டாரான்னு கேப்பாங்களா சார்?

எனக்குதான் தாங்கல. எம்மவன் துபாய்லேர்ந்து மெயில் போடுவான். ஜெயங்கொண்டத்து நெட் கடைக்காரரு சத்தமா படிப்பாரு, கடையில உள்ள அத்தன பேரும் கேட்டப்பறம்தான் எனக்கு அர்த்தமாவும். மருமவ சண்டை வரைக்கும் ஊருக்கே தெரியும். நானே படிக்கணும், நானே பதில் போடணும்னுதான் உங்ககிட்ட வந்தேன். ஆனா படத்துல நீங்க என்னையே பாக்குற மாதிரி இருக்கும், ஒரு எழுத்து வராது. வாத்தியாரும் போயிட்டாரு, இனி அவ்ளோதான்னு அழுதேன்.

அந்தப் பக்கம் பாக்காதீங்க... சரி, பாத்துட்டீங்க. ஆபீஸ் செவுத்துல ஒட்டியிருக்கற நோட்டீசுல இருக்கறது நீங்கதான். கண்ணீர் அஞ்சலி. அத கம்ப்யூட்டர்ல யாரு அடிக்கறதுன்னு எல்லாரும் பின்னால போயிட்டாங்க. நான் உக்காந்தேன். கீபோர்டு அரிசிய ஊசியால நோண்டி எடுத்துட்டு ஒவ்வொரு எழுத்தா தேடி அடிச்சேன். யாரும் கையப் புடிக்கல சார். கிருஷ்ணமூர்த்தின்னு உங்க பேரு, அன்னாரின் பிரிவால் வாடும்னு கீழ எங்க பேரு, எல்லாம் நானே.

வடையா? இன்னைக்கு காரியம் சார். உங்களுக்குச் சுட்டதுதான்.

அய்யோ, கிழிக்கச் சொல்லாதீங்க. கிட்டப் போயி நின்னு ஒரு தடவ படிங்க. படிச்சிட்டு எனக்கு மார்க்கு மட்டும் போடுங்க சார்.