ஏரிமேல் நட்ட கன்றுகள்

காப்பிக்கு நன்றி, மெர்வி. குறை சொல்வதாக நினைக்காதே, இதன் வழியாகப் பார்த்தால் கோப்பையின் அடியில் இருக்கும் கீறல்கூடத் தெரிகிறது. நான் போடும் காப்பியில் கரண்டியை நட்டால் வேர் விடும்.

சரி, கேட்டதைச் சொல்கிறேன். காவல் நிலையத்தில் ஒருவர் இவ்வளவு பொறுமையாக என் பேச்சைக் கேட்பது இதுவே முதல் தடவை.

என் தொழில் மரங்களை இடம் மாற்றுவது. தெற்கே கடலோரத்துப் பைன் மரத்தின் விதையைக் கொண்டுவந்து, இங்கே வடகோடி லாப்லாந்துக் குன்றின்மேல் வளர்த்து, குளிரில் எது பிழைக்கிறது என்று பார்ப்பது. பூமி சூடாகிக்கொண்டு வருகிறது. நாளைக்கு இங்கே எந்த மரம் நிற்கும் என்று தெரிய வேண்டாமா? அந்தக் குன்றில் அடிக்கும் குளிருக்கு அடுப்பு நெருப்பே கையுறை கேட்கும். மற்றவர்கள் நட்டதெல்லாம் அங்கே செத்தது. என் தெற்கத்தி பைன்கள் மட்டும் நின்றன. உச்சியில் மேகம் மாட்டிக் கிழியும், அவ்வளவு உயரம். கனடாவிலிருந்து பார்க்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

ஆரம்பத்தில் கொஞ்சம் கன்றுகள் பட்டுப்போனது உண்மைதான். பட்ட இடத்தை நாற்றங்காலில் கைக்குக் கிடைத்த கன்றால் நிரப்பினேன். வரிசை பொக்கை வாயாக இருந்தால் பார்க்கச் சகிக்குமா?

பிறகு யர்கோ வந்தான். தெற்கே ஹெல்சிங்கியில் வளர்ந்தவன், போன இலையுதிர்காலத்தில் எங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்கு இயக்குநராக வந்தவன். நல்ல பையன். எறும்பைக்கூட மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தாண்டுவான். என் மரங்களின் ஊசியிலைகளைப் பறித்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினான். முடிவு வந்ததும் என்னைச் சவுனாவுக்கு, சுடுகல்லில் தண்ணீர் ஊற்றும் ஆவிக்குளியலுக்குக் கூப்பிட்டான். அம்மணமாக உட்கார்ந்திருப்பவனிடம் யாரும் சண்டைக்குப் போவதில்லை என்று கணக்குப் போட்டிருப்பான்.

"பெருசு, மனசைத் திடமா வச்சுக்குங்க. குன்றுமேல நிக்கிறதுல ஒண்ணுகூடத் தெற்கு மரம் இல்ல. நீங்க மொதல்ல நட்டது அத்தனையும் செத்துப்போச்சு. நிரப்பினதுதான் நிக்குது. எல்லாம் இந்த ஊரு மரம்."

"தண்ணி ஊத்துடா, கல்லு ஆறுது."

"கோவமா?"

"தெற்கத்தியானுக்கு ரெண்டு கரண்டி ஆவி பட்டாலே மூளை வெந்துடும். நீ உளறு, நான் கேட்டுக்கறேன்."

சிரித்தான். "மரத்தை யாரும் தொட மாட்டாங்க. உங்க பேர்ப்பலகையும் அங்கேயே இருக்கும். ஆனா உண்மையைச் சொல்லியாகணும். உங்க தோட்டத்தை நம்பி மாகாணம் பூரா தெற்கு விதையை நடப் போறாங்க. அத்தனையும் சாகும், பெருசு. திங்கக்கிழமை ஏரிக்கு அக்கரையில கூட்டம் இருக்கு. அங்க சொல்லிடறேன்."

என் மரங்களை வெட்ட வந்தான். வெட்டவில்லை என்கிறாயா? பெயரை வெட்டினால் மரம் விழாதா, மெர்வி?

ஏரி உறைந்ததும் அதன்மேல் பாதை குறிப்பது என் வேலை, உனக்கே தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அதை என்னிடமே விட்டிருந்தது. துளை போட்டு, பனிக்கட்டி எங்கே கனமாக இருக்கிறது என்று பார்த்து, அந்த வழி நெடுக ஸ்ப்ரூஸ் மரக் கன்றுகளை வெட்டி வரிசையாகக் குத்தி வைப்பேன். பனி கொட்டும்போது கரை தெரியாது, வானம் தெரியாது, கன்றுகள் தெரியும். கடவுளைச் சந்தேகிப்பவன்கூட இங்கே அவற்றைச் சந்தேகிப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சறுக்குக்கட்டையில் போய், நடுவிலிருந்த கன்றுகளைப் பிடுங்கி, ஆறு வந்து கலக்கும் பக்கமாக நட்டேன். அங்கே அடியில் ஓட்டம் நிற்பதே இல்லை. பனிக்கட்டி முட்டை ஓட்டுக் கனம்தான். ஆனால் வரிசை அழகாக வளைந்தது. ஓர் இடத்தில்கூடப் பொக்கை இல்லை.

திங்கட்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. யர்கோ பனிவண்டியை என் வாசலில் நிறுத்தினான்.

"பாதை எப்படி, பெருசு?"

"கன்றைப் பாத்துப் போ. தூங்கிட்டே போகலாம்."

"நீங்க நட்டதாச்சே, நம்பிப் போறேன்," என்று கண்ணடித்துவிட்டுப் போனான்.

கரையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் நின்றது. பிறகு என்னைக் கூப்பிட்டான். வேறு யாரையும் அல்ல, என்னைத்தான். நல்ல பையன் என்று சொன்னேனே. கயிறு கொட்டகையில் இருந்தது, ஏணியும் இருந்தது. ஆனால் அடுப்பில் காப்பி பொங்கிவிடும் போலிருந்தது. உள்ளே போய்விட்டேன்.

கன்றுகளைப் பழைய இடத்தில் ஏன் திருப்பி நடவில்லை என்கிறாய். நட்டிருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்தான். நன்றாக அமைந்த வரிசையைக் கலைக்க எனக்குக் கை வராது.

சோதனை முடிவு ஆய்வகத்தில் பத்திரமாக இருக்கிறதாம். இருக்கட்டும். ஊசியிலையை அரைத்துப் பார்த்தவனுக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்? நீ எழுத விரும்பும் சொல்லை எழுதிக்கொள், கையெழுத்துப் போடுகிறேன். வாழ்நாளெல்லாம் செய்ததையே செய்தேன். மரத்தை இடம் மாற்றினேன், யார் பிழைக்கிறார்கள் என்று பார்த்தேன்.

யர்கோ தெற்கிலிருந்து வந்தவன். ஒரு குளிர்காலம்கூட அவனால் தாங்க முடியவில்லை. என் மரங்கள் தாங்கினவே.