முப்பதுக்குள் முடிந்த கவிஞர்

எங்கள் வாசகர் வட்டத்துக்கு ஆட்கள் வருவதே மெஹ்ராஜ் பேகம் டீச்சர் கொண்டுவரும் சுண்டலுக்காகத்தான் என்று வடக்கனந்தலில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை, சார். மீதிப் பாதிக்கு நான் பொறுப்பு. தைரியநாதன் மெடிக்கல்ஸ் என்னுடையது. அதன் மாடியில்தான் ஞாயிறு மாலைகளில் கூடுவோம்.

அந்த முறை ஓர் ஆங்கில ரொமாண்டிக் கவிஞரை எடுத்துக்கொண்டோம். அவர் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் வெள்ளைக்காரர் என்றே அழைத்தோம். மூடுபனியையும் காதலையும் பாடிவிட்டு முப்பது வயதுக்குள் காய்ச்சலில் போனவர். டீச்சர் உருகி உருகி அவர் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஜவுளிக்கடை ஷேக் மைதீன் பாய் குறுக்கிட்டார்.

"எல்லாம் சரிங்க டீச்சர். மனுசன் இன்னா வேலைக்குப் போய்க்கினு இருந்தாரு?"

"வேலைக்கெல்லாம் போகல பாய். கவிதை எழுதினாரு."

"அப்ப வூட்டுல அரிசி?"

"உங்களுக்கு ரசனை கம்மி பாய்."

"பசி ஜாஸ்திங்க. அந்தச் சுண்டலை இப்படித் தள்ளுங்க."

எங்கள் வட்டத்துக் கவிஞன் சாம்தான் அதிகம் சிரித்தான். சிரித்தால் அவனுக்கு மூச்சிறைக்கும். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. கல்வராயன் மலையைப் பற்றி அவன் எழுதிய கவிதைகள் வாரப் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தன. நல்ல கவிதைகள். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

நான் என் கருத்தைச் சொன்னேன். வெள்ளைக்காரர் அறுபது வரை இருந்திருந்தால் கல்யாணங்களுக்கு வாழ்த்துப்பா எழுதிக்கொண்டிருப்பார், சரியான நேரத்தில் போனதால்தான் கவிஞராக நிற்கிறார் என்றேன்.

"அப்ப நானும் சீக்கிரம் கெளம்பணுமாண்ணே?" என்றான் சாம்.

அவசரமில்லை என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்ச நாளில் அவனுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்தது. லட்டோடு கடைக்கு வந்தான்.

"இனிமே கவிதை எல்லாம் வாணாம்ண்ணே. கரும்பு எடை போடவே நேரம் சரியா இருக்கும்."

விளையாட்டாகச் சொன்னானோ என்னவோ. எனக்கு அவனுடைய அறுபதாவது வயது கண்முன் தெரிந்தது. தொந்தி, வழுக்கை, கையில் ஒரு வாழ்த்துப்பா. மனசு பொறுக்கவில்லை.

அது எண்பத்தேழு செப்டம்பர். இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கியது. கள்ளக்குறிச்சி சாலையில் புளியமரங்கள் சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, மருந்து வண்டியும் இல்லை. மலையிலிருந்து ஈரக்காற்று வேறு. இழுப்புக்காரர்களுக்கு ஆகாத காற்று. மத்தியானம் சாமின் தங்கை மெர்லின் ஓடிவந்தாள்.

"அண்ணே, சாம் அண்ணனுக்கு இழுத்துக்கினே இருக்குது. எப்பவும் குடுப்பீங்களே, அந்த மருந்து குடுங்கண்ணே."

"ஸ்டாக் இல்லம்மா. வண்டி வந்தாத்தான்."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ரோடு இருக்கிற இருப்பைப் பாத்தீல்ல?"

பார்த்திருந்தாள். அதனால் நம்பினாள். வெந்நீர் கொடுக்கச் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போனாள், நல்ல பெண். பொழுது சாயும்போது மறுபடி வந்தாள். அப்போதும் அதையேதான் சொன்னேன். விடிவதற்குள் சாம் போய்விட்டான்.

மருந்து இருந்தது, சார். அன்று காலையிலேயே அலமாரியிலிருந்து எடுத்து, நான் உட்காரும் ஸ்டூலுக்கு அடியில் வைத்துவிட்டேன். பெட்டி பிரிக்காமல் இருந்தது. ஊரில் மறியல்காரர்கள் மேல் பழி போட்டார்கள். அது நியாயமில்லை. கேட்டிருந்தால் மருந்து வண்டிக்கு அவர்களே வழி விட்டிருப்பார்கள். என்னைத்தான் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை.

சாமின் பெயரில் வந்த தொகுப்பின் மூலப்பிரதியில் பாதிக்குமேல் என் கையெழுத்தில் இருப்பதாகச் சொல்கிறீர்கள். உண்மைதான். அவன் எழுதியவை ஒரு புத்தகத்துக்குப் போதவில்லை. என்னிடம் இருந்ததைப் போட்டு நிரப்பினேன். தயவுசெய்து பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். பொறாமைக்காரன் தன் கவிதைகளை அடுத்தவன் பெயரில் கொடுப்பானா? படித்தவர்கள் அந்தக் கவிதைகளை மட்டும் தேடிப்பிடித்துச் சுமார் என்கிறார்கள். சொல்லட்டும். சாமும் ஒருநாள் அந்த மாடியில், எல்லோருக்கும் முன்னால், அதைத்தான் சொல்லிச் சிரித்தான்.